“இந்தப் பக்கமெல்லாம் 400 அடிதான்”: ஊரார் சொல்வதை வைத்து முடிவெடுக்கும் முன் செய்ய வேண்டியவை

இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு பிப்ரவரி இரவு. ஏற்காடு அடிவாரத்தில் நாங்கள் வாங்கிய மனையில் போர்வெல் போடும் ரிக் வண்டி உறுமிக்கொண்டிருந்தது. 400 அடி தாண்டியது, 500 தாண்டியது, துளையிலிருந்து வெள்ளைத் தூள்தான் பறந்தது. பக்கத்து வீட்டுக் கொடியில் கிடந்த வேட்டி, வாசல் அரளிச்செடி, என் மனைவியின் புருவம் எல்லாவற்றிலும் மாவு அப்பியிருந்தது. ஒன்றரை மணிக்கு 720 அடியில் “போதுங்க, நிறுத்திருங்க” என்றேன். 92,000 ரூபாய் போயிற்று. ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை.

என்னிடம் யாரும் பொய் சொல்லவில்லை. “இந்தப் பக்கமெல்லாம் 400 அடியில தண்ணி வந்துருமுங்க” என்று சொன்ன ஒவ்வொருவரும் தனக்குத் தெரிந்ததைத்தான் சொன்னார். கேட்ட விதத்தில்தான் கோளாறு. அதன்பிறகு கொஞ்ச காலம் நோட்டும் பேனாவுமாக அலைந்தேன். அந்த அலைச்சலில் கற்றதைச் சேலத்துக்குப் புதிதாகக் குடிவருகிறவர்களுக்காக எழுதுகிறேன். என் உதாரணம் போர்வெல். உங்களுக்கு அது வாடகை வீடாக, பள்ளிக்கூடமாக, பல் டாக்டராக இருக்கலாம். “அங்கெல்லாம் இப்படித்தான்” என்று நாலு பேர் சொல்லி, அதை நம்பிப் பணம் கட்டப்போகிற எந்த விஷயத்துக்கும் இது ஆகும்.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

40 பக்க நோட்டு ஒன்று போதும். ஒரு பக்கத்தில் ஆறு கட்டம் போடுங்கள்: சொன்னவர் யார், தானே பார்த்தாரா அல்லது கேள்விப்பட்டதா, எந்த இடம், எந்த வருடம் எந்த மாதம், என்ன கிடைத்தது, கிடைக்காமல் போனது உண்டா. கடைசிக் கட்டத்தைப் பெரிதாகப் போடுங்கள். ஏன் என்பது நாலாம் படியில் தெரியும்.

எனக்கு இரண்டு சனிக்கிழமையும் ஒரு ஞாயிறும் ஆயின. பெட்ரோலும் டீயுமாக 350 ரூபாய். இதை 92,000-க்கு முன்னால் செய்திருக்க வேண்டியது, பின்னால் செய்தேன்.

போர் போடுகிறவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. உங்கள் இடம் ஊராட்சியா, பேரூராட்சியா, மாநகராட்சியா என்பதைப் பொறுத்து அனுமதி வாங்கும் அலுவலகம் மாறும். முதலில் அதைத் தெரிந்துகொள்ளுங்கள். பட்டா நகல், வரி ரசீது, ஆதார் நகல் மூன்றையும் கையில் வைத்துக்கொண்டு போனால் இரண்டாம் நடை மிச்சம். உச்ச நீதிமன்றம் 2010-ல் வகுத்த நெறிமுறைப்படி, துளை போடுவதற்கு 15 நாள் முன்பே இடத்துக்காரர் எழுத்தில் தெரிவிக்க வேண்டும், துளையிடும் நிறுவனமும் பதிவு பெற்றதாக இருக்க வேண்டும். “அதெல்லாம் யாருங்க பாக்கறா” என்பார்கள். அதுவும் இந்தக் கட்டுரை எச்சரிக்கிற வகையைச் சேர்ந்த வாக்கியம்தான்.

1. கேட்ட வாக்கியத்தை அப்படியே எழுதுங்கள்

நினைவில் வைத்துக்கொண்டால் வாக்கியம் மாறிவிடும். “எங்க வீட்ல 400-ல வந்துச்சு” என்று ஒருவர் சொன்னது, வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொல்லும்போது “இங்கெல்லாம் 400-ல் வருமாம்” என்று ஆகிவிடுகிறது. நான் அப்படித்தான் செய்தேன். “எங்க வீட்ல” எப்போது “இங்கெல்லாம்” ஆனது என்று எனக்கே தெரியாது.

எழுதியபின் சில சொற்களுக்கு அடிக்கோடு இடுங்கள். எல்லாம், எப்பவும், எங்க போனாலும், யாரைக் கேட்டாலும். இவை வந்தால் கொஞ்சம் நின்று, எத்தனை என்று கேளுங்கள். சண்டைக்குக் கேட்பதுபோல் வேண்டாம். “யாரையெல்லாம்ணா கேட்டீங்க, நானும் ஒரு எட்டு போய்ப் பாத்துட்டு வந்துர்றேன்” என்று கேட்டால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். பெரும்பாலும் பதில் இரண்டு அல்லது மூன்றில் நின்றுவிடும். அது தப்பில்லை. மூன்று என்று தெரிந்துகொண்டு நம்புவதும் எல்லாம் என்று நம்புவதும் வேறு வேறு என்பதுதான் விஷயம்.

இன்னொன்று. சொன்னது ஒப்பீடா, நேரடிக் கூற்றா என்று பாருங்கள். “ஏற்காடு குளிரும்” என்ற பேச்சை நம்பி என் சித்தப்பா ஒரு மே மாதம் ஸ்வெட்டரோடு வந்து இறங்கினார். சேலம் கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 280 மீட்டர், ஏற்காடு 1,500 மீட்டர். ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமார் ஆறரை டிகிரி குறையும் என்பது பொதுக்கணக்கு. ஆக, மேலே எட்டு டிகிரி குறைவாக இருக்கும். சேலத்தில் 40 என்றால் மேலே 32. மத்தியான வெயிலில் ஏரிக்கரையில் நின்று சித்தப்பா ஸ்வெட்டரைக் கையில் சுருட்டிக்கொண்டு என்னை முறைத்தார். “சேலத்தைவிடக் குளிர்ச்சி” என்பது எந்த மாதமும் நம்பலாம். “குளிரும்” என்பதை மாதம் பார்த்துத்தான் நம்ப வேண்டும்.

2. ஒரே பானையா என்று பாருங்கள்

இதுதான் முக்கியமான படி. மற்றதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள்.

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்கிறோம். ஒரு பருக்கையை நசுக்கிப் பார்த்துவிட்டுப் பானையையே இறக்குகிறோம். அது ஏன் பலிக்கிறது? ஒரே அரிசி, ஒரே உலைத்தண்ணீர், ஒரே தீ, நடுவில் இரண்டு தரம் கிளறியும் விட்டிருக்கிறோம். பழைய அரிசியையும் புது அரிசியையும் கலந்து போட்ட உலையில் இதே வேலையைச் செய்து பாருங்கள். கையில் எடுத்த பருக்கை குழைந்திருக்கும், பக்கத்துப் பருக்கை விறைத்து நிற்கும். பழமொழியில் குற்றமில்லை. அதில் “ஒரு பானை” என்ற சொல்லை நாம் விழுங்கிவிடுகிறோம்.

நான் மன்னார்குடிப் பக்கத்துக்காரன். எங்கள் ஊரில் குழாய் இறக்க வேண்டுமென்றால் அப்பா பக்கத்து வீட்டில் எத்தனை அடி என்று கேட்பார், அதையே இறக்குவார், தண்ணீர் வரும். ஆறு கொண்டுவந்து கொட்டிய வண்டலும் மணலும் அந்த நிலம். மணலுக்குள் தண்ணீர் பரவி நிற்கும். பக்கத்து வீட்டுக்கும் நம் வீட்டுக்கும் அடியில் இருப்பது ஏறக்குறைய ஒரே பானை. நாற்பது வருடம் அதைப் பார்த்துப் பழகிய புத்தி, சேலத்துக்கு வந்தும் அதே கேள்வியைக் கேட்டது.

சேலத்துக்கு அடியில் இருப்பது கெட்டிப்பாறை. சார்னோகைட், நைஸ் என்று பாறைக்காரர்கள் சொல்லும் வகைகள். ஊருக்கும் சேர்வராயன் மலைக்கும் இடையிலேயே மாக்னசைட் வெட்டும் வெள்ளைக்கல் நிலம் வேறு குறுக்கே வருகிறது. இந்தப் பாறைக்குள் தண்ணீர் ஊறிக் கிடப்பதில்லை. மேலே மக்கிய பகுதியிலும் பாறையின் வெடிப்புகளிலும்தான் இருக்கிறது. வெடிப்பு உங்கள் துளையின் குறுக்கே வந்தால் தண்ணீர். இருபது அடி தள்ளிப் போனால் தூள். பக்கத்து வீட்டு ஆழம் எங்கள் ஊரில் தகவல், இங்கே முக்கால்வாசி அவர்களுடைய அதிர்ஷ்டம்.

எனவே யாராவது ஒரு உதாரணம் சொன்னால், அந்த உதாரணமும் என் விஷயமும் ஒரே உலையில் வெந்ததா என்று கேளுங்கள். “அந்தப் பள்ளிக்கூடம் ரொம்ப நல்லாயிருக்குதுங்க” என்பவரின் பிள்ளை எந்த வகுப்பு, எந்த வாத்தியாரிடம், எத்தனை வருடத்துக்கு முன்? பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணைச் சொல்லி எல்கேஜிக்குச் சேர்க்கச் சொல்வதை நானே கேட்டிருக்கிறேன்.

ஒரே பொருளுக்குள்ளும் பானை மாறும். செவ்வாய்ப்பேட்டையில் கொலுசு வாங்கப் போனபோது உடன் வந்த ஒரு பெரியவர் சொல்லிக்கொடுத்தது: உரைகல்லில் ஒரு கண்ணியை உரசிவிட்டுக் கொலுசு முழுக்க அதே தரம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. பற்றவைத்த இடங்களில் வெள்ளியின் தரம் குறையும், கொலுசில் அப்படிப்பட்ட இடங்கள் நிறைய. உரசுவதென்றால் பல இடத்தில் உரச வேண்டும்.

3. நாலு பேர் சொன்னார்களா, ஒரே ஆள் நாலு வாயில் சொன்னாரா

போர் போடும் முன் நான் நாலு பேரைக் கேட்டேன். டீக்கடைக்காரர், எலக்ட்ரீஷியன் தம்பி, எதிர்வீட்டு அக்கா, மனை காட்டிய தரகர். நாலு பேரும் 400. நாலு பேர் ஒன்றாகச் சொன்னால் அப்பீல் ஏது என்று நினைத்தேன்.

எல்லாம் முடிந்தபின் ஒவ்வொருவரிடமும் மறுபடி போய், “இந்த 400 உங்களுக்கு எப்படித் தெரியும்” என்று கேட்டேன். டீக்கடைக்காரருக்குச் சொன்னது எலக்ட்ரீஷியன். எலக்ட்ரீஷியன் மோட்டார் மாட்டிய வீடு இரண்டாவது தெரு வாத்தியார் வீடு. எதிர்வீட்டு அக்காவுக்குச் சொன்னது வாத்தியாரின் வீட்டம்மா. தரகர் டீக்கடையில் கேட்டிருக்கிறார். நாலு சாட்சி என்று நான் எண்ணியது ஒரே ஒரு துளை.

வாத்தியார் ஓய்வு பெற்றவர், நிதானமானவர். திண்ணையில் உட்காரவைத்துச் சொன்னார்: “போட்டப்ப 410-ல வந்துச்சுங்க தம்பி, ரெண்டு இன்ச்சு தண்ணி. அது ஆச்சு ஏழு வருஷம். இப்ப சித்திரையில அரை மணி நேரம் ஓட்டுனா காத்து வாங்குது. அதுக்கு முன்னால வாசப்பக்கம் ஒண்ணு போட்டு 600 அடி வெறும் மண்ணாப் போச்சு. அதைத்தான் யாரும் கேக்கறதில்ல.”

உங்கள் நோட்டில் ‘பார்த்ததா, கேட்டதா’ என்ற கட்டம் இதற்குத்தான். கேட்டது என்றால் யாரிடம் என்று ஒரு படி பின்னால் போங்கள். இரண்டு படி போனால் பாதிக்குமேல் ஒரே வாசலில் போய் நிற்கும். ஒரே வாசலில் நிற்கிற எல்லாவற்றையும் ஒன்று என்றே எண்ணுங்கள். வாட்ஸ்அப்பில் பத்துக் குழுவில் வந்த ஒரே தகவலும் ஒன்றுதான்.

4. வராத தண்ணீரையும் எண்ணுங்கள்

வாத்தியாரின் அந்தக் கடைசி வரிதான் என்னைத் தெருத்தெருவாக நடக்க வைத்தது.

தண்ணீர் வந்த போரில் மோட்டார் இருக்கும், வயர் இருக்கும், கேட்டால் வீட்டுக்காரர் பெருமையாகச் சொல்வார். வராத போரை மூடிவிடுவார்கள், அதன்மேல் சிமெண்ட் பூசிக் கார் நிறுத்துவார்கள். தோற்றதைப் பற்றிப் பேச யாருக்கும் ஆசை இல்லை. ஆக, தெருவில் நடந்து மோட்டார்களை மட்டும் எண்ணினால் போட்ட போரெல்லாம் பலித்ததுபோலத் தெரியும். கண்ணுக்குப் படுவதை வைத்துக் கணக்குப் போட்டால் வரும் பொறி இது. கடை வைத்து ஜெயித்தவர்களை மட்டும் கேட்டுக் கடை வைப்பதும் இதே பொறிதான். ஷட்டரை இறக்கிவிட்டுப் போனவரை எங்கே தேடிப் பிடித்துக் கேட்பது?

அதனால் கேள்வியை மாற்றுங்கள். “எத்தனை அடியில வந்துச்சு” என்று கேட்காதீர்கள். “உங்க இடத்துல மொத்தம் எத்தனை துளை போட்டீங்க” என்று கேளுங்கள். எங்கள் தெருவும் பின்னால் இரண்டு தெருவும் சேர்த்து என் நோட்டில் 19 துளை ஏறியது. தண்ணீர் வந்தது 11, தூள் 8. வந்த பதினொன்றின் ஆழம் 180 அடியிலிருந்து 690 அடிவரை. 400-க்கு அருகில் இருந்தது வாத்தியார் வீட்டுத் துளை ஒன்றுதான். “இந்தப் பக்கமெல்லாம் 400” என்ற வாக்கியத்துக்கு ஆதாரம் அவ்வளவே.

‘வந்தது’ என்றால் என்ன என்பதையும் கேட்க வேண்டும். தண்ணீர் வரும் அளவை இன்ச்சில் சொல்வார்கள். அரை இன்ச் வந்தவரும் வந்தது என்பார், இரண்டரை இன்ச் வந்தவரும் வந்தது என்பார். இன்ச் கணக்கு தெரியாதவரிடம், கோடையில் எத்தனை நேரம் மோட்டார் ஓடும், தொட்டி நிரம்புமா என்று கேளுங்கள்.

இந்த இடத்தில் நீரோட்டம் பார்ப்பவரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். எனக்கும் ஒருவர் வந்து பார்த்தார். உள்ளங்கையில் தேங்காய் படுத்திருக்கும், நடந்துகொண்டே போவார், ஓர் இடத்தில் தேங்காய் எழுந்து நிற்கும். “200 போர் சொல்லியிருக்கேன் சார், எல்லாம் தண்ணி” என்றார். 720 அடிக்குப் பிறகு அவரைக் கூப்பிட்டுக் கேட்டேன். “நேரம் சரியில்லீங்க, வீட்ல யாருக்காச்சும் சனி நடக்குதா பாருங்க” என்றார். வந்தால் தேங்காய் காட்டியது, வராவிட்டால் ஜாதகம். எப்படிப் போனாலும் தோற்காத ஒரு பேச்சை வைத்துக்கொண்டு எந்த முடிவும் எடுக்க முடியாது. நம்பிக்கை இருப்பவர்களைப் புண்படுத்த இதைச் சொல்லவில்லை. ஒரு கணக்கை மட்டும் பாருங்கள்: எங்கள் தெருக்களில் கண்ணை மூடிக்கொண்டு துளை போட்டாலும் 19-க்கு 11 பலிக்கிறது. அப்படியானால் ஒருவர் பத்துக்கு ஆறு சரியாகச் சொன்னால் அவர் எதுவும் கூடுதலாகச் சொல்லவில்லை. எந்த நிபுணரையும், நிலத்துக்குள் மின்சாரம் எவ்வளவு தடைபடுகிறது என்று அளக்கும் கருவி வைத்து நீரோட்டம் பார்ப்பவரையும்கூட, இதே தராசில் நிறுங்கள். அவர் சொல்லிப் பலித்தது எத்தனை, சொல்லாமலே பலிப்பது எத்தனை?

5. எந்த மாதம் கேட்டீர்கள்?

டிசம்பரில் கேட்டால் சேலத்தில் எல்லார் கிணறும் நல்ல கிணறு. மழை முடிந்திருக்கும், மேல்மட்டத்திலேயே தண்ணீர் நிற்கும். நான் விசாரித்தது ஜனவரி, துளை போட்டது பிப்ரவரி. கேட்பதென்றால் ஏப்ரல் கடைசி, மே முதல் வாரம் கேளுங்கள். மோசமான நேரத்தில் தாக்குப்பிடிக்கிறதா என்பதுதானே உங்களுக்கு வேண்டியது. வாடகை வீட்டையும் இதேபோல் ஒருமுறை கோடை மத்தியானத்தில், ஒருமுறை அடைமழையில் போய்ப் பாருங்கள். வீட்டுத் தரகர் காலை பத்து மணிக்குக் காட்டுகிற வீடு வேறு, மூன்று மணி மொட்டைமாடிச் சூட்டில் இருக்கிற வீடு வேறு.

மாதம் மட்டுமில்லை, எந்த வருடங்களைப் பார்த்தார்கள் என்பதும் உண்டு. எங்கள் ஊரில் குழந்தைக்கும் தெரியும்: ஜூன் 12-ல் மேட்டூர் அணை திறக்கும். அணை இருப்பது சேலம் மாவட்டத்தில், தண்ணீர் போவது எங்கள் குறுவைக்கு. 2012 முதல் 2019 வரை எட்டு வருடமும் அந்தத் தேதியில் திறக்கவில்லை. 2020, 2021 இரண்டு வருடமும் சரியாக ஜூன் 12. 2022-ல் மே 24-லேயே திறந்துவிட்டார்கள். 2023-ல் மறுபடி ஜூன் 12. 2024-ல் ஜூலை 28 ஆயிற்று. 2025-ல் ஜூன் 12. 2015 வாக்கில் விவசாயத்துக்கு வந்த ஒரு பையன் 2019-ல் “ஜூன்ல எங்கங்க தொறக்கறாங்க” என்றிருப்பான். 2020-ல் வந்தவன் அடுத்த வருடம் “ஜூன் 12 தவறாது” என்றிருப்பான். இருவரும் பார்த்ததைத்தான் சொல்லியிருப்பார்கள்.

இதில் இன்னொரு நுணுக்கம். ஜூன் 12 என்பது திறக்க வேண்டிய நாள். திறக்கும் நாள் அணையின் நீர்மட்டத்தைப் பொறுத்தது. நாம் கேட்கிற பொதுப்பேச்சில் பாதி இந்த ரகம்: நடக்க வேண்டியதை நடக்கிறது என்று சொல்வது. “ஆபீசில் 15 நாளில் கொடுத்துருவாங்க” என்றால், விதியில் 15 நாளா, உங்களுக்கு வந்ததா என்று பிரித்துக் கேளுங்கள்.

6. ஏன் என்று ஒரு தடவையாவது கேளுங்கள்

தர்க்கம் படித்தவர்கள் சொல்லும் பழைய எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. மலையில் புகை தெரிகிறது, ஆகவே அங்கே நெருப்பு இருக்கிறது, அடுக்களையில் கண்டதுபோல. அவர்கள் அத்தோடு விடுவதில்லை. நெருப்பு இல்லாத இடம் ஒன்றையும் காட்டு, அங்கே புகை இல்லையென்றும் காட்டு என்பார்கள். அதற்கு மடுவை, அதாவது தண்ணீர் நிற்கும் குளத்தைச் சொல்வார்கள். எனக்கு இது பாடமாகப் புரிந்ததைவிடக் கண்ணால் புரிந்தது அதிகம். எங்கள் மொட்டைமாடியிலிருந்து பார்த்தால் மலைமேல் வெள்ளையாக ஏதோ எழும்பும். மார்ச் மாதம் என்றால் காட்டுத்தீயாக இருக்கலாம். நவம்பர் காலை என்றால் மூடுபனி. புகை என்று நாம் பெயர் வைத்த பிறகுதான் நெருப்பு வருகிறது. முதலில் அது புகைதானா என்று பார்க்க வேண்டும்.

என் நோட்டில் 19 துளை இருந்தும் எனக்கு எதுவும் புரியவில்லை. ஆழத்துக்கும் தண்ணீருக்கும் ஒரு தொடர்பும் இல்லை. ரிக்கில் வேலை பார்த்த திருச்செங்கோட்டுத் தம்பி ஒருவர்தான் திறவுகோலைக் கொடுத்தார். “ஆழத்தை விடுங்கண்ணா. கேசிங் பைப் எத்தனை அடி எறங்குச்சுன்னு கேளுங்க. மேல மக்குன கல்லு ஜாஸ்தியா இருந்தாத்தான் மழத்தண்ணி தங்கும்.” கேசிங் என்பது கெட்டிப்பாறை வரும்வரை இறக்கும் குழாய். அது ஆழமாக இறங்கியிருந்தால் மேலே தண்ணீரைப் பிடித்துவைக்கும் மண்ணும் மக்கிய பாறையும் தடிமனாக இருக்கிறது என்று பொருள்.

ஏழாவது கட்டம் ஒன்று போட்டுக்கொண்டு மறுபடி வீடு வீடாகப் போனேன். ஓடைப் பக்கத்து வீடுகளில் கேசிங் 50 முதல் 80 அடி. தண்ணீர் வந்த பதினொன்றில் எட்டு அந்தப் பக்கம். மேட்டுப் பக்கம், பாறை வெளியே தலைநீட்டும் இடத்தில், 20, 25 அடி. தூள் பறந்த எட்டில் ஆறு அங்கே. என் முதல் துளையில் கேசிங் 20 அடி.

ஏன் என்பது தெரிந்த பொதுப்பேச்சு எங்கே பலிக்கும், எங்கே பலிக்காது என்பதைத் தானே சொல்லிவிடும். காரணம் தெரியாத பொதுப்பேச்சை அது பிறந்த தெருவைத் தாண்டிக் கொண்டுபோகாதீர்கள்.

7. தப்பானால் என்ன ஆகும், யாருக்கு ஆகும்

ஏற்காட்டிலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளையும் நியூட்ரலில் இறங்கிப் பெட்ரோல் மிச்சம் பிடிப்பதாகச் சொல்லும் நண்பர் ஒருவர் இருக்கிறார். “நூறு தடவ எறங்கியிருக்கேன், என்னாச்சு?” நூறும் உண்மைதான். ஆனால் இறக்கம் முழுக்க பிரேக்கை மட்டும் நம்பினால் அது சூடேறிப் பிடிக்காமல் போகும் என்பது காரணம் தெரிந்த விஷயம், அது ஒரு தடவை நடந்தால் நூற்றொன்றாவது கதையைச் சொல்ல ஆள் இருக்காது. தவறினால் போவது நூறு ரூபாய் என்றால் இரண்டு உதாரணம் போதும். கையோ காலோ போகும் என்றால் நூறும் போதாது. தாழ்ந்த கியரில் இறங்குங்கள்.

மனிதர்களைப் பற்றிய பொதுப்பேச்சில் இழப்பு சொல்கிறவருக்கு இல்லை, வேறொருவருக்கு. “பேச்சிலருக்கு வீடு கொடுத்தா கெட்டது” என்று எங்கோ ஒரு பையன் செய்ததைச் சொல்லி, இங்கே வேலைக்கு வந்த என் மருமகனை ஒன்பது வீட்டில் திருப்பி அனுப்பினார்கள். அந்த நேரம் பார்த்து நானும் “இந்த ஊர் வீட்டுக்காரங்களே இப்படித்தான்” என்றேன். பத்தாவது வீட்டம்மா சாவியைக் கொடுத்துவிட்டு, “சாப்டாச்சா தம்பி” என்று கேட்டார்கள்.

8. முன்கூட்டியே ஒரு கோடு போடுங்கள்

எவ்வளவு நன்றாக விசாரித்தாலும் அது உத்தரவாதம் ஆகாது. எனவே எங்கே நிறுத்துவது என்பதை ரிக் வருவதற்கு முந்தின நாளே எழுதி வையுங்கள். துளை போகிறபோது புத்தி வேலை செய்யாது. “இன்னும் ஒரு இருபது அடி பாத்துரலாங்க, எதுத்த தெருவுல 690-லதான் வந்துச்சு” என்று யாராவது சொல்வார்கள். அந்த ஒரு உதாரணம் அந்த நேரத்தில் வேதவாக்கு மாதிரி கேட்கும். 500 அடியில் நிறுத்த வேண்டிய நான் 720-க்குப் போனது அப்படித்தான்.

எங்களுக்குச் சொன்ன விலை இது. முதல் 300 அடிவரை அடிக்கு 100 ரூபாய். அப்புறம் ஒவ்வொரு 100 அடிக்கும் அடிக்கு 10 ரூபாய் கூடும். கேசிங் தனியாக அடிக்கு 450. இந்த விலை இடத்துக்கு இடம், டீசல் விலையைப் பார்த்து மாறும், அதனால் இதை அப்படியே உங்கள் விலையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். படிப்படியாக ஏறும் என்பதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். 720 அடிக்கு 83,000, கேசிங் 9,000. 500-ல் நிறுத்தியிருந்தால் துளைக்கு 53,000-தான்.

இரண்டாவது துளையை மனையின் கீழ் மூலையில், ஓடைப் பக்கம் போட்டோம். நோட்டைப் பார்த்து 350 அடி என்று கோடு போட்டேன். கேசிங் 60 அடி இறங்கியது. 260-ல் ஈரம், 300-ல் ஒன்றரை இன்ச், நிறுத்திவிட்டோம். 57,000 ரூபாய். நோட்டு பலித்தது என்று சொல்ல எனக்கும் ஆசைதான். ஆனால் இதுவும் ஒரே ஒரு துளை. ஓடைப் பக்கத்திலும் இரண்டு பேருக்குத் தூள்தான் பறந்திருக்கிறது.

9. உங்களிடம் யாராவது கேட்டால்

இப்போது புதிதாக மனை வாங்கியவர்கள் எங்கள் வீட்டுக் கதவைத் தட்டுகிறார்கள். “உங்க வீட்ல எத்தனை அடிங்க?” என்றுதான் கேட்கிறார்கள், நான் கேட்ட அதே கேள்வி. 300 என்று சொன்னால் நாளைக்கு டீக்கடையில் “இங்கெல்லாம் 300” என்று ஆகிவிடும். அதனால் முழுசாகச் சொல்கிறேன்: “ரெண்டு துளைங்க. மேட்டுப் பக்கம் 720, தூள். கீழ் மூலையில 300, கேசிங் 60, ஒன்றரை இன்ச். போட்டது நவம்பர். போன மே மாசம் காலையில முக்கால் மணி நேரம் ஓடுச்சு, சாயங்காலம் 20 நிமிஷம்.” கேட்பவர் பெரும்பாலும் 300 என்பதை மட்டும்தான் எடுத்துக்கொள்கிறார். அப்போது நோட்டைக் கொண்டுவந்து கையில் கொடுத்துவிடுகிறேன்.

முதல் துளையைப் பார்க்க வேண்டும் என்று இதுவரை ஒருவர்தான் கேட்டார். கொல்லையில் அதை அடியிலிருந்து நிரப்பி மூடி, மேலே துணி துவைக்கிற கல்லைப் போட்டிருக்கிறோம். சொன்னால்தான் தெரியும்.